கழுத்து மட்டும் நீந்துது! எங்க கண்மாயில இது என்ன பறவை?

கண்மாய்க்கரை | டிசம்பர் 27, மாலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு மேலூர்ப் பக்கம். இந்த வருசம் ஐப்பசி, கார்த்திகை மழையில எங்க ஊர்க் கண்மாய் கலுங்கு தட்டிப் போயிருச்சு. ஆறேழு வருசமா இவ்வளவு தண்ணிய நான் பாத்ததில்ல.

மூணு நாளா ஒரு பறவையப் பாக்குறேன். முதல் நாள் தண்ணிப்பாம்புன்னே நெனச்சேன். உடம்பு வெளிய தெரியல. மெல்லிசா ஒரு கழுத்தும் சின்னத் தலையும் மட்டும் தண்ணிக்கு மேல நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் திரும்புது. கொஞ்ச நேரத்துல சத்தமே இல்லாம உள்ள போயிருச்சு. வெளிய வந்தப்ப அலகுல ஒரு கெண்டை. அதை மேல தூக்கிப் போட்டு, தலைப்பக்கமா வாங்கி முழுங்கிருச்சு.

ஆடு மேய்க்கிற பெரியவர் "நீர்க்காக்கா தம்பி"ன்னு சொன்னாரு. ஆனா எங்க கண்மாயில நீர்க்காகம் நூறுக்கு மேல கெடக்கு, அது வேற மாதிரி இருக்கு. போன்ல எடுத்த படம் தெளிவா இல்ல, மன்னிச்சுக்கங்க. கரையில இருந்து தூரம்.

---

இருநோக்கி | டிசம்பர் 27, இரவு 8.15

படம் மங்கல்தான் தம்பி, ஆனா நீங்க எழுதுனதே போதும். ரெண்டு கேள்வி. அலகு நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கா, ஊசி மாதிரி நேரா இருக்கா? முங்கும்போது ஒரு துள்ளு துள்ளி முங்குதா, இருந்த இடத்துலயே அமிழுதா?

---

கண்மாய்க்கரை | டிசம்பர் 28, காலை 9.05

விடிகாலையிலயே போய்ப் பாத்துட்டு வந்தேன் அண்ணே. அலகு நேரா, கூரா இருக்கு. கொக்கோட அலகு மாதிரி, கொஞ்சம் மெல்லிசு. துள்ளவே இல்ல, கல்லு மாதிரி அப்படியே கீழ இறங்குது. கண்மாய் நடுவுல நிக்கிற கருவேல மரத்துல ஏறி ரெண்டு ரெக்கையையும் விரிச்சு உக்காந்துச்சு. முதுகுல வெள்ளி ஜரிகை இழுத்த மாதிரி கோடு கோடா இருந்துச்சு.

---

இருநோக்கி | டிசம்பர் 28, காலை 10.30

சந்தேகமே வேண்டாம், பாம்புத்தாரா. வாழ்த்துகள் தம்பி. பேருக்கு என்ன காரணம்னு நீங்க முதல் நாளே கண்டுபிடிச்சுட்டீங்க.

நீர்க்காகத்தோட குழப்பிக்காம இருக்க வயல்ல எனக்கு உதவுறதச் சொல்றேன். உங்க கண்மாயில கெடக்குற நூறும் பெரும்பாலும் சிறிய நீர்க்காகமா இருக்கும். முழுக் கருப்பு, காக்கையவிடக் கொஞ்சம் பெருசு, கழுத்து குட்டை, அலகு குட்டை, நுனியில கொக்கி. பாம்புத்தாரா கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நீளம், அதுல கழுத்தும் வாலும்தான் பாதிக்கு மேல. வயிறு கருப்பு, தலையும் கழுத்தும் பழுப்பு. கண்ணுக்குக் கீழ இருந்து கழுத்துப் பக்கவாட்டுல ஒரு வெள்ளைக் கோடு இறங்கும். பெட்டை இன்னும் வெளிறின பழுப்பா இருக்கும்.

பறக்கும்போது அண்ணாந்து பாருங்க. முன்னாடி கழுத்து, பின்னாடி விசிறி மாதிரி நீள வால், நடுவுல ரெக்கை. வானத்துல ஒரு சிலுவை போறது மாதிரி இருக்கும். வெயில் ஏறின பிறகு பருந்து மாதிரி வட்டம் போட்டு மேல ஏறவும் செய்யும். சிறிய நீர்க்காகம் அப்படி வட்டமடிச்சு நான் பாத்ததில்ல. அது படபடன்னு அடிச்சுக்கிட்டுத் தாழப் பறந்து போயிரும்.

---

விலங்கியல் டீச்சர் | டிசம்பர் 28, இரவு 9.50

இந்தப் பறவையைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்குக் கை சும்மா இருக்காது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஏரியில் செவுள் வலையில் மாட்டி மூழ்கி இறந்த பாம்புத்தாரா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது, ஆனால் அன்று கற்றுக்கொண்டது அதிகம். கழுத்தைத் தடவிக்கொண்டே போனால் நடுவில் ஓர் இடத்தில் முழங்கை போல மடிகிறது. எட்டாவது, ஒன்பதாவது கழுத்தெலும்புகள் சேரும் இடம் அது. தண்ணீருக்குள் கழுத்தை 'இசட்' எழுத்து மாதிரி மடித்து வைத்துக்கொண்டு மெதுவாக நகரும். மீன் எட்டும் தூரத்தில் வந்தவுடன் அந்த மடிப்பு விரிந்து தலை முன்னே பாயும். கவட்டையிலிருந்து கல் போவது மாதிரிதான். நீர்க்காகம் மீனைத் துரத்திப் போய்க் கொக்கி அலகால் கவ்வுகிறது. இது பதுங்கிக் காத்திருந்து குத்துகிறது. ஆகவே இதற்குக் கொக்கி வேண்டாம், ஈட்டி வேண்டும். அலகின் விளிம்பில் நுண்ணிய அரம் போன்ற பற்கள் இருப்பதால் குத்திய மீன் நழுவாது. தண்ணீருக்கு மேலே வந்து மீனை உதறி விடுவித்து, தூக்கிப் போட்டுத் தலைவழியாக விழுங்குவதை நம் கண்மாய்க்கரை தம்பி பார்த்துவிட்டார். வால்வழியாக விழுங்கினால் கெளுத்தி முள் தொண்டையில் நின்றுவிடும்.

அது கல் மாதிரி கீழே இறங்குவதற்கும் காரணம் உண்டு. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். பாம்புத்தாராவின் இறகு நன்றாக நனைந்து ஊறும். அதன் எலும்புகளும் மற்றப் பறவைகளின் எலும்பைவிடக் கனமானவை, காற்றறை குறைவு. இறகுக்குள் சிக்கியிருக்கும் காற்று வெளியேறிவிட்டால் உடம்பு மிதக்காது. அதனால்தான் கழுத்து மட்டும் வெளியே தெரிகிறது, அலை எழுப்பாமல் அமிழ முடிகிறது. வளர்ந்த பறவைக்கு வெளி மூக்குத் துளையே கிடையாது. வாய் வழியாகத்தான் மூச்சு.

அறிவியல் பெயர் அனிங்கா மெலனோகாஸ்டர். 1769-ல் பென்னன்ட் வைத்த பெயர். மெலனோகாஸ்டர் என்றால் கருவயிறு. மரபியல் பாடத்தில் வரும் பழ ஈக்கும் இதே இரண்டாம் பெயர்தான். வகுப்பில் ஈயைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இந்தப் பறவையின் படத்தையும் சேர்த்துக் காட்டுவேன்.

---

பொன்வண்டு | டிசம்பர் 29, காலை 7.20

அருமை டீச்சர். ரெக்கைய விரிச்சு உக்காருறது ஈரத்தைக் காயவைக்கத்தானே? நீர்க்காகமும் அதையேதான் செய்யுது.

---

இருநோக்கி | டிசம்பர் 29, காலை 8.00

ஆமா, காயவைக்கத்தான். நனைஞ்ச ரெக்கையோட எப்படிப் பறக்கும்?

---

விலங்கியல் டீச்சர் | டிசம்பர் 29, மதியம் 1.10

நீர்க்காகத்துக்கு அது சரி. அதன் இறகில் வெளிப்பகுதி மட்டும் நனையும், உடம்பை ஒட்டிய பகுதி காய்ந்தே இருக்கும். பாம்புத்தாராவுக்கு அப்படி ஒரு காய்ந்த அடுக்கு இல்லை. தண்ணீர் தோல்வரை போய் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். இதன் அமெரிக்க உறவினரை வைத்து ஆராய்ந்தவர்கள், அது வெயில் காய்ந்து சூடேற்றிக்கொள்ளவும் சிறகை விரிக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். இறகு காய்ந்திருக்கும்போதுகூட, குளிர் காலையில் முதுகைச் சூரியனுக்குக் காட்டி விரித்துக்கொண்டு உட்காரும். ஆக, இதற்கு இரண்டு வேலையும் உண்டு.

கண்மாய்க்கரை தம்பி, முடிந்தால் அது தண்ணீரில் இறங்கும் முன்பே போய்ப் பாருங்கள்.

---

கண்மாய்க்கரை | டிசம்பர் 31, காலை 8.45

டீச்சர், பாத்துட்டேன்! அஞ்சே முக்காலுக்கே கரையில போய் உக்காந்துட்டேன். நல்ல பனி. பறவை ராத்திரி தங்குன அதே மரத்துலதான் இருந்துச்சு, தண்ணிப் பக்கமே வரல. ஆறரைக்கு மேல வெயில் பட்டதும் திரும்பி உக்காந்து, முதுகைக் கிழக்கால காட்டி ரெக்கைய முழுசா விரிச்சிருச்சு. ஏழேகால் வரைக்கும் அப்படியே. அதுக்குப் பிறகுதான் தண்ணியில இறங்குச்சு. காஞ்ச ரெக்கையத்தான் விரிச்சுச்சு, நான் சாட்சி.

இன்னொண்ணு. அது தனியா இல்ல. அந்த மரத்துலயும் பக்கத்து மரத்துலயும் குச்சி வச்சு மேடை மாதிரி கட்டியிருக்கு. ஒண்ணு குச்சி கொண்டாந்து குடுக்குது, இன்னொண்ணு வாங்கிச் சொருகுது. மொத்தம் ஆறு பாம்புத்தாரா எண்ணினேன். நீர்க்காகக் கூடும் அதே மரங்கள்லதான் இருக்கு.

---

இருநோக்கி | டிசம்பர் 31, காலை 11.00

கொண்டு வர்றது ஆண், கட்டுறது பெட்டை. தம்பி, இது பெரிய செய்தி. வடகிழக்குப் பருவமழை பெஞ்சு கண்மாய் நிறைஞ்ச பிறகுதான் நம்ம பக்கம் கூடு கட்டும். தண்ணி நடுவுல நிக்கிற மரம்தான் வேணும். பூனை, நாய், கீரி எதுவும் நீந்தி வந்து ஏறாது. டீச்சர் சொன்ன வெயில் விஷயத்துல நான்தான் தப்பு, நன்றி டீச்சர். மரத்துக்கு ரொம்பக் கிட்டப் போயிராதீங்க. முட்டை மேல இருக்குறத எழுப்பிவிட்டா காக்கா நொடியில வந்து தூக்கிரும்.

---

மன்னார்க்காத்து | ஜனவரி 2, இரவு 10.20

வணக்கம். நான் மன்னார். எங்கட கட்டுக்கரைக் குளத்திலயும் இது இருக்கு. சின்ன வயசில அப்பாவோட வயலுக்குப் போகேக்க குளக்கட்டில நிண்டு பாத்திருக்கிறன். எல்லாத்தையும் நீர்க்காகம் எண்டுதான் சொல்லுவம். இரண்டும் வேற எண்டு இந்த இழையிலதான் அறிஞ்சன். நாளைக்கே போய்ப் பாக்கப்போறன்.

ஒரு கேள்வி. இது உப்புத்தண்ணிக்கும் வருமோ? எங்கட பக்கம் களப்பும் கிட்டத்தான்.

---

இருநோக்கி | ஜனவரி 3, காலை 6.50

வரும் ஐயா. நன்னீர்தான் அதுக்கு முதல் விருப்பம். ஏரி, குளம், ஓட்டம் குறைஞ்ச ஆறு. ஆனா கழிமுகத்துலயும் அலையாத்திக் காட்டு ஓரத்துலயும் பாக்கலாம். பாகிஸ்தான்ல இருந்து இந்தோனேசியா வரைக்கும் இருக்குற பறவை. உலகத்துல பாம்புத்தாரா மொத்தமே நாலு வகைதான்: அமெரிக்கா, ஆப்பிரிக்கா, நம்ம ஆசியா, ஆஸ்திரேலியா.

---

வலைக்காரர் | ஜனவரி 5, மாலை 4.30

எல்லாரும் அழகு அழகுன்னு எழுதுறீங்க. நான் பதினாலு வருசமா மீன்பாசி ஏலம் எடுக்குறவன். எங்க கஷ்டத்தையும் கேளுங்க.

கட்லாவும் ரோகுவும் குஞ்சு வாங்கி விடுறோம். விட்ட மறுநாளே நீர்க்காகம் கூட்டமா இறங்கும். வரிசையா நீந்தி மீனை ஒரு மூலைக்கு ஒதுக்கி அடிக்கும். மேல இருந்து கொக்கும் வந்துரும். முதல் ஒரு மாசத்துல போனது போனதுதான். ஏலக் காசு, குஞ்சுக் காசு, காவலுக்குக் கூலி எல்லாம் எங்க கைக்காசு. வெடி போட்டு விரட்டாம என்ன செய்யச் சொல்றீங்க? பறவை மேல எனக்குக் கோவம் இல்ல, அதுவும் பொழைக்கணும். ஆனா நானும் பொழைக்கணும்.

---

பொன்வண்டு | ஜனவரி 5, மாலை 5.15

அண்ணே, நீங்க எழுதினது நல்லது. உங்க பக்கம் இல்லாம இந்தப் பேச்சு முழுசாகாது. ஆனா வெடி மட்டும் வேண்டாமே. கூடு இருக்குற நேரத்துல வெடிச்சா தாய் பறந்துரும், முட்டை வெயில்ல வெந்துரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைக் கலைக்கிறதும் குத்தம்.

---

விலங்கியல் டீச்சர் | ஜனவரி 5, இரவு 9.00

வலைக்காரர் அண்ணன் சொன்ன நீர்க்காகக் கூட்ட வேட்டை உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். பாம்புத்தாரா அப்படிக் கூட்டமாக வேட்டையாடாது. தனித்தனியாகத்தான் மீன் பிடிக்கும். ஒரு கண்மாய்க்கு ஆறு, எட்டு இருந்தால் அதிகம். கருப்பாக முங்குவதெல்லாம் ஒன்று என்று நினைத்து இதையும் சேர்த்து விரட்டுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அது என்ன தின்கிறது என்றும் பார்க்க வேண்டும். கரையோரப் பாசிக்குள், மரத்தடியில் மெதுவாக நகரும் மீன்தான் பதுங்கிக் குத்துகிறவனுக்கு வசதி. நான் பார்த்த ஏரிகளில் இது அதிகம் குத்தியது ஜிலேபிக் கெண்டையைத்தான். அது நம் மண்ணின் மீன் இல்லை, 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது. கண்மாயில் அது பெருகினால் கட்லாவும் ரோகுவும் தின்ன வேண்டிய இரையை அது தின்றுவிடும் என்று உங்களுக்கே தெரியும்.

---

வலைக்காரர் | ஜனவரி 6, காலை 7.40

ஜிலேபி விஷயம் ஒத்துக்கிறேன் டீச்சர். அது பெருத்துப் போனா நம்ம குஞ்சு வளராது, சந்தையிலயும் அதுக்கு வெல இல்ல. ஒத்தையா முங்குற அந்தக் கழுத்து நீளப் பறவை எனக்கும் தெரியும். அதால எனக்குப் பெரிய நட்டம் வந்ததுன்னு சொன்னா அது பொய்.

நீர்க்காகத்துக்கு நான் இப்ப ரெண்டு வருசமா செய்யுறது இது. சின்னக் குஞ்சை நேரா கண்மாயில விடுறதில்ல. வீட்டுப் பக்கம் ஒரு குட்டை வெட்டி, மேல நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டி, விரல் நீளத்துக்கு மேல வளத்துட்டு விடுறேன். விட்ட இடத்துல வேலிமுள்ளை வெட்டித் தண்ணிக்குள்ள போட்டு வைப்பேன். குஞ்சு ஓடி அதுக்குள்ள பதுங்கிக்கும். முன்னை மாதிரி சேதம் இல்ல. செலவு கூடுது, அதுக்கு யாரும் உதவி செய்யல.

---

இருநோக்கி | ஜனவரி 6, காலை 8.30

அண்ணே, நீங்க இப்ப எழுதினதைத் தனி இழையாப் போடுங்க. ஏலம் எடுக்குற எத்தனையோ பேருக்குப் பயன்படும்.

---

கண்மாய்க்கரை | பிப்ரவரி 3, இரவு 7.10

ஒரு மாசமா எழுத முடியல. இப்ப அவசரமா உதவி வேணும்.

கூடுகள்ல குஞ்சு பொரிஞ்சிருச்சு. வெள்ளை வெளேர்னு பஞ்சு மாதிரி இருக்கு. அம்மா வாய்க்குள்ள தலைய முழுசா விட்டு இரை எடுக்குது. ஒரு கூட்டுல மூணு, ஒண்ணுல நாலு. ஒரே கூட்டுல ஒண்ணு பெருசு, ஒண்ணு ரொம்பச் சின்னதா இருக்கு.

ஆனா கண்மாய்க் கருவேல மரத்தையெல்லாம் வெட்ட ஏலம் விட்டுட்டாங்க. தண்ணி வத்த வத்த ஓரத்துல இருந்து வெட்டிக்கிட்டு வர்றாங்க. கூடு இருக்குற மரத்துக்கும் வெட்டுற இடத்துக்கும் இப்ப இருநூறு அடிதான். மரம் ஊருக்கு வருமானம், வேண்டாம்னு சொல்ல முடியாது. பெரியவங்க கிட்ட நான் என்னன்னு பேச?

---

விலங்கியல் டீச்சர் | பிப்ரவரி 3, இரவு 7.50

முதலில் கணக்கைச் சொல்லுங்கள். முட்டை பொரிய நாலு வாரத்துக்குப் பக்கம், குஞ்சு பறக்க ஏறக்குறைய ஆறு வாரம். உங்கள் குஞ்சுகள் எப்போது பொரிந்தன? ஜனவரி கடைசி என்றால் மார்ச் நடுவில் பறந்துவிடும். கேட்க வேண்டியது ஆறு வார அவகாசம் மட்டுமே. மரத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டால் முடியாது என்பார்கள். மார்ச் முடியட்டும் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

குஞ்சுகள் அளவில் வேறுபடுவதற்குக் காரணம், முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. முதலில் வந்தது முந்திக்கொள்ளும்.

---

பொன்வண்டு | பிப்ரவரி 3, இரவு 8.30

நான் சிவகங்கை மாவட்டம். எங்க பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்ல பறவைக்காகத் தீபாவளிக்கு ஊரே வெடி வெடிக்கிறதில்ல. 1977-ல வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க. மூணு கண்மாயும் சேத்து 38.4 ஹெக்டேர்தான், பெரிய இடமில்ல. ஊர்ப் பெரியவங்கள ஒரு நாள் அங்க கூட்டிட்டு வாங்க தம்பி. மேலூர்ல இருந்து தூரமில்ல. நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்.

இன்னொண்ணும் சொல்லுங்க. மரத்தடியில விழுகுற எச்சம் தண்ணியில கரைஞ்சு மடை வழியா வயலுக்குத்தான் போகுது. வேடந்தாங்கல் விவசாயிகள் அந்தத் தண்ணியோட அருமை தெரிஞ்சுதான், 1790-கள்லயே பறவையைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேல கலெக்டர்கிட்ட முறையிட்டு, சுடக்கூடாதுன்னு எழுத்துல உத்தரவு வாங்குனாங்க. உங்க ஊர்லயும் அந்தத் தண்ணியிலதானே நெல்லு வெளையுது.

---

வலைக்காரர் | பிப்ரவரி 4, காலை 6.15

தம்பி, மரம் ஏலம் எடுத்தவர்கிட்ட நேரா பேசுங்க. பஞ்சாயத்துக்கு அப்புறம் போகலாம். தண்ணி கெடக்குற இடத்துல மரம் வெட்டுறது அவருக்கும் சிரமம், ஆள் கூலி ரெண்டு மடங்கு. சித்திரையில கண்மாய் காஞ்சா டிராக்டர் உள்ள வரும். அதை எடுத்துச் சொல்லுங்க. அவருக்கு நட்டம் இல்லன்னு தெரிஞ்சா விட்டுருவாரு.

---

கண்மாய்க்கரை | பிப்ரவரி 9, இரவு 9.30

பேசிட்டேன். வலைக்காரர் அண்ணன் சொன்ன மாதிரியே முதல்ல அவர்கிட்டத்தான் போனேன். இருநோக்கி அண்ணன் அனுப்புன பைனாகுலரைக் கையில குடுத்து மரத்தைப் பாக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமப் பாத்தாரு. "இத்தனை வருசமா இந்தக் கண்மாயில கெடக்கேன், இதுக்கு வெள்ளைக் குஞ்சுன்னு தெரியாது"ன்னாரு. நடு மரம் பதினொண்ணை மட்டும் சித்திரைக்குத் தள்ளி வச்சிருக்காரு. மத்ததை வெட்டுறாங்க. அடையாளத்துக்கு நானும் அவர் மகனும் வெள்ளைத் துணி கட்டிட்டு வந்தோம், இடுப்பளவு தண்ணி. குஞ்சு பயந்துரக் கூடாதுன்னு கூடு இருக்குற மரத்துக்குக் கட்டாம, சுத்தி நிக்கிற மரத்துக்கு மட்டும்தான் கட்டினோம்.

---

விலங்கியல் டீச்சர் | பிப்ரவரி 9, இரவு 10.05

படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது தம்பி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பாம்புத்தாரா இறகு உதிர்க்கும்போது பறக்கும் இறகுகளை ஒன்றொன்றாக உதிர்க்காது, மொத்தமாக உதிர்க்கும். புது இறகு வளரும்வரை சில வாரம் அதனால் பறக்கவே முடியாது. எங்காவது மறைவான தண்ணீர் இருந்தால்தான் அந்த வாரங்களைக் கடக்கும். ஆகவே அடுத்த வருடத்துக்கு, இந்தப் பதினொரு மரத்தில் நான்கைந்தையாவது ஏலத்திலேயே சேர்க்காமல் விட முடியுமா என்று இப்போதே பேசத் தொடங்குங்கள்.

---

மன்னார்க்காத்து | பிப்ரவரி 21, மாலை 5.40

தம்பி, நானும் கண்டிட்டன்! கட்டுக்கரைக் குளத்தில, பட்ட மரமொண்டில நாலு நிண்டது. கழுத்தில அந்த வெள்ளைக் கோடு வடிவாத் தெரிஞ்சுது. மகளுக்கும் காட்டினன். "அப்பா, பாம்பு பறவைக்குள்ள இருக்கு" எண்டு சொன்னவள்.

---

கண்மாய்க்கரை | மார்ச் 14, காலை 9.20

குஞ்சுகளுக்கு இப்ப ரெக்கையில கருப்பு இறங்கிருச்சு, கழுத்து மட்டும் இன்னும் வெளுப்பு. ரெண்டு கூட்டுலயும் சேத்து ஏழுல அஞ்சு இருக்கு. கடைசியாப் பொரிஞ்ச சின்னது ரெண்டும் தங்கல.

நேத்து சாயங்காலம் ஒரு பருந்து தாழ வந்துச்சு. பெரிய குஞ்சு ஒண்ணு கூட்டுல இருந்து தலைகீழாத் தண்ணியில குதிச்சிருச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அரை நிமிசம் காணல. அப்புறம் மரத்தடியில கழுத்து மட்டும் எந்திரிச்சு வந்துச்சு. தாழக் கெடந்த முள்ளுக் கொப்பை அலகால கவ்வி, காலால பத்தி, ரெக்கையாலயும் அணைச்சு, கொப்புக் கொப்பா ஏறி மறுபடியும் கூட்டுக்கே வந்துருச்சு. கால் மணி நேரம் ஆச்சு. மரத்துக்காரர் மகனும் கூட இருந்தான். அவன் போன்லதான் வீடியோ இருக்கு, ராத்திரி வாங்கிப் போடுறேன்.